அமாவாசைக்கு மட்டும் அட்மின்

கம்ப்யூட்டரில் யாருக்கு என்ன பெர்மிஷன் என்று கமாண்ட் அடிப்பதும் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பதும் ஒன்றுதான். யாராவது ஒருத்தர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இந்த வேலையில் மாட்டியவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

சீனியர்

பிராட்பேண்ட் வந்த புதிதில், விழுப்புரத்து இன்வெர்ட்டர் ரிப்பேர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே இந்த வேலை பார்த்தேன். வாடிக்கையாளரின் ஒவ்வொரு புகாரும் ஒரு டிக்கெட். ரிப்பேர் முடிந்தால் மூட வேண்டும். திண்டிவனம் கிளையில் டிக்கெட் போடுவது புதிதாகச் சேர்ந்த ஸ்டெல்லா என்ற பெண். மூடும் பெர்மிஷனோ மவுஸையே தொடாத சூப்பர்வைசர் ஏழுமலையிடம். ஸ்டெல்லாவுக்கே கொடுத்துவிடலாமே என்றேன். மேனேஜர் சொன்னார்: “நேத்து வந்த பொண்ணுக்குக் குடுத்துட்டு, அவரு மூஞ்சில நான் எப்டி முழிக்கறது மேடம்?”

மலையனூர்

அமாவாசை என்றால் ஏழுமலை மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் இருப்பார். ஆபீஸே கூடப் போகும். மாதா கோயிலுக்குப் போகிற ஸ்டெல்லா மட்டும் தனியாக, வேலை முடிந்தும் மூட முடியாத டிக்கெட்டுகளோடு உட்கார்ந்திருப்பாள். எல்லாம் திரையில் அவள் பெயரில் சிவப்பாக நிற்கும். அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முதலாளி முடிவு செய்யப்போவது அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான்.

ஏழுமலைக்குப் போன் போட்டேன். உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே கத்தினார்: “பாஸ்வேர்டு எம் பொண்டாட்டிக்குத்தாங்க தெரியும். அவளுக்கு இப்ப சாமி வந்துக்கினு கீது.”

காலண்டர் ஸ்கிரிப்ட்

கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எத்தனை அடித்தும் எனக்குப் பொறுமை வரவில்லை. தானாக ஓடும் சின்ன புரோகிராமாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்: அமாவாசைத் திதி தொடங்கியதும் எல்லோருடைய பெர்மிஷனும் ஸ்டெல்லாவுக்குப் போகும், திதி முடிந்ததும் திரும்பும். சாமி காரியம் என்று மேனேஜர் உடனே தலையாட்டினார். ‘எல்லோரும்’ என்பதில் தானும் உண்டு என்று அவர் யோசிக்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

அடுத்த அமாவாசைக்குத் திதி முற்பகலிலேயே தொடங்கிவிட்டது. யாரும் இன்னும் மலையனூர் கிளம்பவில்லை. கிளையைப் பார்க்க வந்திருந்த முதலாளி முன்னால் மேனேஜர் திரையைத் திறந்தார். அனுமதி இல்லை என்றது. ஏழுமலையின் பாஸ்வேர்டை அவர் மனைவியிடம் கேட்டு வாங்கிப் போட்டார்கள், அதற்கும் இல்லை. கடைசியில் ஸ்டெல்லா உட்கார்ந்தாள். முடிந்த டிக்கெட்டுகளை வரிசையாக மூடினாள், சிவப்பு காணாமல் போயிற்று. முதலாளி கேட்டாராம்: “எல்லாம் இந்தப் பொண்ணுதான் செய்யுதுன்னா, நீங்க ரெண்டு பேரும் இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?”

தலைமை

ஸ்டெல்லா நிரந்தரமானாள். ஏழுமலை போன் செய்தபோது திட்டப்போகிறார் என்று ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்தேன். “அந்த பெர்மிஷன அந்தப் பொண்ணுகிட்டயே வுட்டுடுங்கம்மா. பேரு மட்டும் எனக்குப் பெருசா இருக்கட்டும்.”

‘தலைமை அட்மின்’ என்று ஒரு குரூப் திறந்து, எந்தப் பெர்மிஷனும் வைக்காமல் அவரை மட்டும் அதில் சேர்த்தேன். அந்தக் கம்பெனிக்கு நான் செய்து கொடுத்ததிலேயே ஒரு புகாரும் வராமல் ஓடியது அது ஒன்றுதான்.