ராமசுப்ரமணியனின் பழைய நம்பர்

வலியசாலை ராமசுப்ரமணியன் கழக்கூட்டத்து சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து பதினோரு வருஷமாகிறது. அவர் சேர்ந்தபோது அங்கே நாலே பேர். கம்பெனிக்குக் கிளவுடில் முதல் அக்கவுண்டைத் திறந்ததே அவர்தான். இப்போது முப்பது பேர் ஆகிவிட்டார்கள், முக்கால்வாசிப் பேர் அவர் வயதில் பாதி. நாற்பத்தேழு வயதில் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது, கல்யாண வீட்டில் ஆள் தெரியாத பந்தியில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும் அவருக்கு. பாதியில் எழுந்திருக்கவும் முடியாது, நிம்மதியாகச் சாப்பிடவும் முடியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முதலாளி அபிஜித் அவரைக் கூப்பிட்டு, "சாரே, ஆஸ்பத்திரிக்காரங்க ஆடிட் வருது. ரிப்போர்ட் இருக்கிற இடத்தை இன்னைக்கே பூட்டிடணும்" என்றான். கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதன் நோயாளிகளுடைய ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் எல்லாம் கிளவுடில் இருந்தன. ராமசுப்ரமணியன் உட்கார்ந்து ஒரு விதி எழுதினார். ஆஸ்பத்திரி, ஆபீஸ் இரண்டின் இன்டர்நெட் விலாசத்திலிருந்து வந்தால் மட்டும் திற, வேறு யார் வந்தாலும் மறு. விலாசங்களைத் தன் நோட்டைப் பார்த்து அடித்தார். இரண்டும் போன மாதமே மாறிவிட்டதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

சேவ் பண்ணி ஐந்து நிமிஷம் ஆகவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து போன். எந்த ரிப்போர்ட்டைத் தொட்டாலும் 'ஆக்சஸ் டினைடு' என்று வருகிறதாம். விதியை அழித்துவிடலாம் என்று திறக்கப்போனார். அவருக்கும் அதே இரண்டு வார்த்தை. அவர் எழுதிய விதி அவரையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தது. மறு என்று ஒரு விதி சொல்லிவிட்டால், அனுமதி கொடுக்கிற நூறு விதி இருந்தாலும் கிளவுட் கேட்காது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வேறு வேறு வழியில் பதினைந்து தடவை முட்டிப் பார்த்தார்.

பக்கத்து சீட் ஸ்ரீலட்சுமி எட்டிப் பார்த்தாள். "ரூட் அக்கவுண்ட்ல போனா மாத்தலாமே சார்?"

போகலாம். ஆரம்பத்தில் அவர் திறந்த அந்த மூல அக்கவுண்டை எந்த விதியும் தடுக்காது. ஆனால் உள்ளே நுழைய அவர் பழைய மொபைலில் வரும் கோட் வேண்டும். அந்த மொபைல் போன மழையில் நனைந்து செத்துப்போயிற்று. அதற்கு மாற்று வழி ஒன்று உண்டு. பதிவு செய்த நம்பருக்கு ஒரு கால் வரும், திரையில் தெரியும் ஆறு இலக்கத்தை அந்தப் போனில் அழுத்தினால் கதவு திறக்கும். பதிவு செய்திருந்தது அவருடைய இரண்டாவது சிம். கம்பெனி இனி அதற்குப் பணம் கட்டாது என்றதும் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் விட்டுவிட்ட நம்பர்.

கிளவுட் கம்பெனிக்கு எழுதினால் மூன்று நாள் ஆகும் என்று பதில் வந்தது. கண்ணாடி அறைக்குள் அபிஜித் ஆஸ்பத்திரிக்காரர்களிடம், "எங்க இன்ஜினியர் ஒருத்தர் தப்பு பண்ணிட்டாரு" என்று சொல்வது கதவைத் தாண்டிக் கேட்டது.

மாடிப்படிக்குப் போய்த் தன் பழைய நம்பரைத் தானே கூப்பிட்டார். பெயர் காட்டும் ஆப்பில் 'உலகம்மாள்' என்று வந்தது.

"அம்மா, உங்க போனுக்கு இப்போ ஒரு கால் வரும். நான் சொல்ற ஆறு நம்பரை..."

"வைடா போன! நம்பரா கேக்க? நான் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டு ஹோட்டல்ல ஏனம் கழுவுதவ. எங்கிட்ட என்னத்தடா புடுங்கப் போற?"

இரண்டாவது தடவையும் வைத்தாள். மூன்றாவது தடவை லைனே போகவில்லை. ஊரெல்லாம் அப்படித்தான் செய்யச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஆபீஸிலேயே 'போனில் யார் கேட்டாலும் நம்பர் சொல்லாதே' என்ற போஸ்டரை ஒட்டியது இவர்தான்.

லாப்டாப் பையை மாட்டிக்கொண்டு கிழக்கேகோட்டைக்கு ஆட்டோ பிடித்தார். ஹைவேயில் வண்டி அரை மணி நேரம் ஒரு டேங்கர் லாரிக்குப் பின்னால் நின்றது. முன்னாலும் வழியில்லை, பின்னாலும் இல்லை. அபிஜித்திடமிருந்து ஏழு கால். ஆஸ்பத்திரி கவுண்டரில் ரிப்போர்ட்டுக்காக நிற்கிறவர்களின் போட்டோவை வேறு அனுப்பியிருந்தான். ராமசுப்ரமணியன் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது ஹோட்டலில் ஆள் கிடைத்தாள். பின்கட்டில், முழங்கை வரை சோப்பு நுரையோடு, ஐம்பது வயது உலகம்மாள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாக இந்த மலையாள ஊரில் இருப்பவள்.

"நான்தாம்மா காலம்பற போன் பண்ணினேன். என் பேர் ராமசுப்ரமணியன்."

அவள் கழுவுவதை நிறுத்தினாள். "நீங்கதானா அந்த ராமசுப்ரமணியன்? என் உயிர எடுக்கதுக்குன்னே பொறந்த ஆளா நீங்க? தெனமும் ஒரு போனு. இன்சூரன்ஸ்காரன் கூப்புடுதான், உங்க மக வரலைன்னு ஸ்கூல்லேர்ந்து மெசேஜ் வருது. ராமசுப்ரமணியன் சார் இல்லையான்னு கேட்டுக் கேட்டு எனக்கு அந்தப் பேரே மனப்பாடம், கேட்டோ சாரே."

அவர் கைகூப்பினார். லாப்டாப்பைத் திறந்து காட்டி நடந்ததைச் சொன்னார். உலகம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். நம்பின மாதிரித் தெரியவில்லை.

"பேரு யாரு வேணும்னாலும் சொல்லலாம். உங்க ரத்தம் என்ன குரூப்பு?"

"பி நெகட்டிவ்."

"அது சரிதான். ரத்தம் குடுக்கவங்க லிஸ்டுல இந்த நம்பராம், ராத்திரியெல்லாம் கூப்பிடுதான். மக பேரு?"

"ஸ்மிதா."

"போன ஜூலை மாசம் அவ எத்தன நாளு ஸ்கூலுக்குப் போவல?"

ராமசுப்ரமணியன் யோசித்தார். ஜூலையா? ஜூலையில் பழைய சர்வரிலிருந்து புதுசுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அது ஞாபகம் இருந்தது. அது மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

"தெரியலை" என்றார்.

"பெத்த தகப்பனுக்குத் தெரியாதா?" உலகம்மாள் அடுத்த அண்டாவை இழுத்தாள். "போயிட்டு வாங்க சாரே. எனக்குச் சோலி கெடக்கு."

ஈரத் தரையில் அவர் நின்றார். கூப்பிடு தூரத்தில் வலியசாலை, அவர் வீடு. வீட்டுக்குப் போகவும் முடியாது, ஆபீஸுக்குத் திரும்பவும் முடியாது. கடைசியில் மனைவி விஜயத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அதே கேள்வியைக் கேட்டார்.

"இதென்ன இப்போ திடீர்னு கேக்கறேள்? மூணு நாள். வைரல் ஜுரம். குழந்தை அப்பா எங்கேன்னு அனத்தித்து. நீங்க ஆபீஸே கதின்னு கெடந்தேள். ஏன், என்ன ஆச்சு?"

உலகம்மாள் அவர் கையிலிருந்து போனை வாங்கினாள். "அக்கா, இவரு உங்க வீட்டுக்காரருதானா? கண்ணாடி போட்டு, முன்னால வழுக்கையா?" விஜயம் ஆமாம் என்றதும் ஜுரம் எப்படி விட்டது என்று விசாரித்தாள். ஒரு நிமிஷம் இரண்டு பேரும் அதையே பேசினார்கள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் பட்டன் போனை இடுப்பிலிருந்து எடுத்தாள்.

"நானே அமுக்குவேன். நீங்க தொடப்படாது."

முதல் கால் வந்தபோது வெளிநாட்டு நம்பரைப் பார்த்துப் பயந்து வெட்டிவிட்டாள். இரண்டாவது காலில் ஒரு பெண்குரல் இங்கிலீஷில் பேசியது. ராமசுப்ரமணியன் ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். உலகம்மாள் தேய்ந்துபோன பட்டன்களைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அடித்தாள். திரை மாறியது. அவர் விதியை அழித்தார். இரண்டு நிமிஷத்தில் ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

அடுத்து அபிஜித்தின் கால். "தப்பிச்சோம் சாரே. உள்ளேதானே இருக்கீங்க? அப்படியே நம்பரை மாத்தி என்னோடதைப் போட்டுடுங்க. பாஸ்வேர்டையும் எனக்கு அனுப்பிடுங்க."

அவர் கை கீபோர்டின் மேலேயே நின்றது. கம்பெனியில் தன்னால் மட்டும் ஆகிற காரியம் என்று இத்தனை வருஷமாக மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மறுக்க ஒரு காரணம்கூடச் சொல்ல முடியாது. அபிஜித்தின் நம்பரை அடித்தார்.

கிளம்பும்போது உலகம்மாள், "ஸ்கூல்ல சொல்லி நம்பர மாத்துங்க சாரே" என்றாள். அன்று சாயங்காலமே மாற்றினார்.

வேலை போகவில்லை. ஆனால் மறுவாரத்திலிருந்து கிளவுடில் ஒரு சின்ன மாற்றத்துக்குக்கூட அவர் கோரிக்கை அனுப்ப வேண்டும், ஸ்ரீலட்சுமி அனுமதிக்க வேண்டும் என்று முடிவானது. வேறு இடம் இரண்டு பார்த்தார். ஒரு இடத்தில் வயதைக் கேட்டதோடு சரி, இன்னொன்றில் பதிலே வரவில்லை. விஜயத்திடம், "இருக்கறதை விட்டுட்டு எங்க போறது?" என்றார்.

இப்போதும் காலை எட்டரைக்குப் பஸ் ஏறுகிறார். கோரிக்கையை அனுப்பிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "சார், ஒரு மீட்டிங்ல இருக்கேன், பத்து நிமிஷம்" என்று ஸ்ரீலட்சுமியிடமிருந்து செய்தி வரும். "மெதுவா பாரும்மா" என்று பதில் போடுவார்.