மரபணு நீக்கிய புழுக்களும் ஒரு செவ்வாய்க்கிழமைக் காய்ச்சலும்

அடையாற்றில் ஓர் ஆய்வகத்தில் நான் புழு வளர்க்கிறேன். உறவுக்காரர்களிடம் இதை "பயோடெக்னாலஜி" என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஒரு மில்லிமீட்டர் நீள உருளைப்புழு. தட்டில் பரப்பிய பாக்டீரியாவைத் தின்று, இரண்டு மூன்று வாரத்தில் கிழடாகிச் சாகும். அது சாவதை எண்ணுவதற்குத்தான் எனக்கு முனைவர் பட்டம் தரப்போகிறார்கள்.

செல் மூச்சு விடும்போது ஆக்சிஜனிலிருந்து சில முரட்டு மூலக்கூறுகள் உண்டாகி, அகப்பட்டதையெல்லாம் அரிக்கும். அவற்றை அடக்க ஒரு நொதி உண்டு. அந்த நொதிக்கான மரபணுவைப் புழுவிலிருந்து நீக்கிவிட்டால்? பாவம், சீக்கிரம் போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தி. நகர் மருந்துக் கடையில் இந்த முரடர்களை அடக்கும் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று எழுதிய டப்பாக்கள் அந்த நினைப்பில்தான் விற்கின்றன. என் புழுக்கள் டப்பாவைப் படிப்பதில்லை. மரபணு இல்லாதவை, இருப்பவற்றைவிட அதிக நாள் நெளிந்துகொண்டிருந்தன. வேறு ஆய்வகங்களிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்தால் மட்டும் எங்கள் பேராசிரியருக்கு ஒரே கேள்விதான்: "ஒழுங்கா எண்ணினியாம்மா?"

அந்த டப்பாக்களில் மூன்று எங்கள் மயிலாப்பூர் வீட்டு அலமாரியிலேயே இருந்தன. காலையில் இரண்டு வயது மகளுக்கு நெல்லிக்காய்ச் சாறு, ஆரஞ்சு நிற சிரப், மாதுளை எல்லாம் புகட்டுவேன். பிறகு ஆய்வகம் போய், அதெல்லாம் அவ்வளவு அவசியமில்லை என்று காட்டப் பாடுபடுவேன். கணவர் சிரித்தால், "புழு வேற, குழந்தை வேற" என்பேன். உண்மைதான். ரொம்ப வசதியான உண்மை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மகளுக்கு உடம்பு கொதித்தது. அன்றைக்குப் புழு எண்ணும் நாள். முந்தைய தடவை ஒரு நாள் எண்ணாமல் விட்டதற்கு, பேராசிரியர் எல்லாத் தட்டுகளையும் தூக்கிப் போட்டு முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். வேறு யாரும் எனக்காக எண்ணவும் கூடாது. ஆள் மாறினால் கண் மாறும் என்பது அவர் சட்டம்.

ஆழ்வார்பேட்டை டாக்டர், "வைரல்தான், ரெண்டு நாள்ல இறங்கிடும்" என்றார். அவளுக்கு என்னென்ன கொடுக்கிறேன் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். "இவ்வளவும் குடிச்சப்புறம் சோறு எங்கம்மா போகும்?" என்றார். என்ன வேலை பார்க்கிறேன் என்று அவர் கேட்காதது கடவுள் புண்ணியம்.

வீடு திரும்பி, மருந்து கொடுத்ததும் தூங்கிப்போனாள். அசைவே இல்லாத மாதிரி தோன்றியது. புழு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, மெல்லிய பிளாட்டினக் கம்பியால் தலையில் தொடுவோம். அசையாவிட்டால் மறுபடி. அப்போதும் இல்லையென்றால் இறந்தது என்று குறிப்போம். என் விரல் தானாக அவள் நெற்றிக்குப் போனது. தொட்டேன். அசையவில்லை. மறுபடி தொட்டேன். மூன்றாவது முறை அவள் எழுந்து தெருவுக்கே கேட்கும்படி அலறினாள்.

மாமியார் ஓடிவந்தார். "தூங்கற கொழந்தையை யாராவது குத்தி எழுப்புவாளாடி? உன் மாதிரி படிச்சவாதான் எழுப்புவா!"

அவளை மறுபடி தூங்க வைத்துவிட்டு, மணி இரண்டுக்குப் பையை எடுத்தேன்.

"எங்க கிளம்பற? புழுவைப் பாக்கவா? ஒரு நாள் பாக்கலேன்னா செத்தா போயிடும்?"

"செத்துதாம்மா போகும். எது என்னிக்கு சாகறதுன்னு எழுதறதுதான் என் வேலை."

"நன்னா படிச்சே போ!"

கணவர் மடிக்கணினியிலிருந்து தலை தூக்கினார். "நான் வீட்லதானே இருக்கேன், போயிட்டு வா." எத்தனை மணிக்கு வெப்பம் பார்க்க வேண்டும், அழுதால் எந்தத் தோளில் போட வேண்டும், நான் எங்கே என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றெல்லாம் ஒப்பித்துவிட்டு, படியிறங்கி, திரும்ப ஏறி, அதையே மறுபடி ஒப்பித்தேன். ஆட்டோவில் போகும்போது, நல்ல தாய் இப்படிப் போவாளா என்று யோசித்தேன். போகாமல் இருந்திருந்தால், நல்ல மாணவி இப்படி இருப்பாளா என்று யோசித்திருப்பேன்.

நுண்ணோக்கியில் குனிந்ததும், மரபணு நீக்கிய அந்தப் புழுக்கள் சாகவேண்டும் என்று நான் ஆசைப்படுவது எனக்கே தெரிந்தது. செத்தால் பேராசிரியருக்குத் திருப்தி. என் அலமாரிக்கும் மரியாதை. ஒவ்வொன்றாகத் தொட்டேன். கம்பி பட்டதும் மரபணு இல்லாதவை சாவகாசமாகத் தலையைத் திருப்பி, வேறு பக்கம் ஊர்ந்தன. உயிரோடு இருப்பதாகவே எழுதினேன். பேராசிரியர் எட்டிப் பார்த்து, "இன்னுமா?" என்றார், ஏதோ நான்தான் அவற்றைப் பிடித்து வைத்திருப்பது போல.

வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தேன்.

"ஜுரம் விட்டுடுச்சு," என்றார் கணவர். "ரெண்டு இட்லி சாப்பிட்டா. பாட்டிகூட விளையாடிட்டிருக்கா."

"என்னைக் கேட்டாளா?"

"இல்லியே."

நல்ல செய்திதான். இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்? ஆட்டோவை நிறுத்தி ஏறி, "வீட்ல சின்னக் குழந்தை இருக்கு அண்ணா, கொஞ்சம் வேகமா போங்க" என்றேன்.

"இன்னாம்மா, கொயந்தைக்கு ஒடம்பு சரியில்லியா?"

"இல்ல அண்ணா, சரியாயிடுச்சு."

"அப்பறம் இன்னாத்துக்கு இம்மாம் அவசரம்?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அவ என்னைக் கேட்கவே இல்லியாம் அண்ணா," என்றேன்.