வெட்டிய இடம்

புத்தூர் கடைத்தெருவில் வெள்ளி வேலை செய்யும் முனிரத்தினத்தின் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். பழைய வெள்ளி அரைஞாண்களைச் சேர்ப்பவன் நான். பூட்டில் செய்தவரின் அடையாளம் இருந்துவிட்டால் விடமாட்டேன். காலையில் திருப்பதியில் வாங்கியதை அவரிடம் நீட்டுகிறேன். பூட்டில் ஒரு சின்ன மீன். அதை ஒட்டிக் கொடி அறுந்திருக்கிறது. பற்றவைத்துத் தரக் கேட்கிறேன்.

அவர் மீனைக் கட்டைவிரலால் தடவுகிறார். "எங்க நைனா வேலை சார் இது." அறுந்த முனையை வெளிச்சத்தில் காட்டுகிறார். "இது தானா அறுந்தது இல்ல, வெட்னது. பூட்டு நல்லாத்தான கீது? தொறந்து கழட்டாம எதுக்கு வெட்னாங்க?"

அறுந்த முனையை விரலால் தொட்டுப் பார்க்கிறேன்.

"செத்தவங்க இடுப்புல நாங்க பூட்டைத் தொறக்க மாட்டோம் சார். வெட்டித்தான் எடுப்போம். இதைப் பத்தவெக்க எனக்குக் கை வராது."

இப்படிப் பூட்டருகே அறுந்திருந்து, பற்றவைத்து மெருகேற்றியவை ஒன்பது என் வீட்டில் இருக்கின்றன. பத்தாவதைச் சட்டைக்கடியில் கட்டியிருக்கிறேன். அவசரத்தில் பூட்டு திறக்க வரவில்லை. வெட்டிவிடச் சொல்கிறேன்.

முனிரத்தினம் கத்தரியைத் தொடவில்லை.

"மெதுவா தொறந்தே கழட்டுங்க சார். நீங்க உசுரோட கீறீங்க."