நாகலூர் ஆரஞ்சுக் கன்று

நாகலூரில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். கல்லூரி விலங்கியல் அறைக்குப் பட்டாம்பூச்சி பிடிக்க மலையேறி வந்தவன் நான். எதிரே எஸ்டேட் குடியிருப்பு வாசலில் உள்ள ஆரஞ்சுக் கன்றை உள்ளங்கை அகலக் கறுப்புப் பட்டாம்பூச்சி ஒன்று சுற்றுகிறது. பின்சிறகு முழுக்க நீலம். ஒரே வீச்சில் வலைக்குள் விழுகிறது. மருந்துப் பஞ்சு வைத்த சீசாவில் போட்டு மூடுகிறேன். இரண்டு முறை சிறகை அடித்துவிட்டு அடங்கிவிடுகிறது.

காப்பிப் பழம் பறிக்கக் கூடையுடன் கிளம்பிய பெண் அதைப் பார்த்துவிட்டு நிற்கிறார்.

"ஏனுங்க, செத்துப்போச்சுங்களா?"

"ஆமாங்க. பாடத்துக்குப் பசங்களுக்குக் காட்டணும்."

அவர் கன்றின் இலையொன்றைத் திருப்பிக் காட்டுகிறார். கடுகளவில் வெளிர்மஞ்சள் முட்டை ஒன்று.

"இப்பத்தான் வெச்சுட்டு இருந்துச்சுங்க. இன்னும் வெச்சிருக்கும்."

"புழு வந்தா கன்னை மொட்டையாக்கிடுமேங்க," என்கிறேன்.

"திங்கட்டுங்க. எலை மறுபடி துளுக்குமுங்க."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பஸ் வருகிறது. இதே மலையில் கரடியூரில் இன்னும் இரண்டு நாள் தங்கிப் பிடிப்பதாக இருந்தவன், வலையைச் சுருட்டிக்கொண்டு மலையிறங்கச் சேலத்துக்கு டிக்கெட் எடுக்கிறேன்.