பச்சைப் பொத்தானைக் காணோம்

எங்கள் வேலையில் நேற்று ஓடியது இன்று ஓடாது, ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளும் இருக்காது. பிளஸ் ஒன்னோடு படிப்பை விட்டுவிட்டு, குடவாசலில் ஒரு ஆன்லைன் சென்டரில் இருக்கிறேன். கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டும் உங்களுக்கும் இது நடந்திருக்கும்.

எனக்கு மட்டும்

நெல் கொள்முதலுக்குப் பதியும் பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான் வரும். அமுக்கினால் போன வருஷ விவரமெல்லாம் தானாக நிரம்பும். அது அரசாங்கம் வைத்ததல்ல. எனக்கு முன்னால் இங்கே இருந்த ரியாஸ் அண்ணன் பிரவுசருக்குள் ஓடும்படி எழுதி வைத்த ஸ்கிரிப்ட். இன்று காலை பிரவுசர் அப்டேட் ஆனது, பொத்தானைக் காணோம். எதிரில் டோக்கனுக்குப் பதிய வந்த செல்வராஜ் மாமா. அவருடைய நெல்லெல்லாம் கொள்முதல் நிலையத்தில் வெட்டவெளியில் குவிந்து கிடக்கிறது. டோக்கன் இல்லாமல் எடை போடமாட்டார்கள். வானம் வேறு கருத்துக்கொண்டு வந்தது.

"நேத்து எம் மச்சானுக்கு வந்துச்சுல்ல தம்பி, எனக்கு மட்டும் என்ன?"

ஷார்ஜாவிலிருந்து

செட்டிங்ஸில் துழாவினேன். 'பயனர் ஸ்கிரிப்டுகளை அனுமதி' என்று புதிதாக ஒரு சுவிட்ச். போட்டேன். பொத்தான் வந்தது, அமுக்கினால் ஒன்றும் ஆகவில்லை. ஷார்ஜாவில் இருக்கும் ரியாஸ் அண்ணனைக் கூப்பிட்டேன். வேறு ஃபைல் அனுப்பினார். அதைப் போட்டால், 'எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கும், மாற்றும்' என்று சொல்லி, பிரவுசர் 'அனுமதி' கேட்கிறது. இதே மெஷினில்தான் ஊர் ஜனம் பேங்க் பக்கத்தையும் திறக்கிறது. எனக்குப் பாதிதான் புரிந்தது, புரிந்த பாதி பயமாக இருந்தது. எத்தனை நாள் ஓடும் என்று கேட்டேன்.

"நான் நம்பி எழுதுன பழைய ஃபங்ஷனையெல்லாம் பிரவுசர்காரனுங்க ஒவ்வொண்ணா தூக்கிக்கிட்டே வர்றானுங்கடா, அடுத்த அப்டேட் வரைக்கும் ஓடுனா உன் அதிர்ஷ்டம். இப்ப அனுமதின்னு அமுக்கு."

கட்டம் கட்டமாக

சென்டர் வைத்திருக்கும் வாசுகி அக்கா பின்னாலிருந்து, "அமுக்கித் தொலைடா, வரிசை வாசல் வரைக்கும் நிக்குது" என்றார். நான் விவரத்தைக் கையாலேயே டைப் அடிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் தெரிந்தது, எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்றே எனக்குத் தெரியாது. சேர்ந்த நாளிலிருந்து பொத்தான்தானே நிரப்பியது. சர்வே நம்பருக்குப் பக்கத்தில் 'உட்பிரிவு' என்று ஒரு கட்டம். "அது என்னங்க மாமா?" என்று அவரையே கேட்டேன். பட்டா நம்பர், உட்பிரிவு, பரப்பு எல்லாம் சிட்டாவைப் பார்க்காமலே சொன்னார். தூறல் விழுவதற்குள் டோக்கன் வந்துவிட்டது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"அப்ப இத்தனை நாளா யாரு தம்பி வேலை பாத்தது?"

'அனுமதி'யை அமுக்கச் சொல்லி இரண்டு பேர் சொன்னார்கள், நான் அமுக்கவில்லை, அமுக்காதது சரியா தப்பா என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை.