மண்வெட்டிக்கு ஒரு கிஃப்ட் பாக்ஸ்

அக்கா கேட்டது மூன்றே சாமான்கள். ஒரு மண்வெட்டி, ஒரு கடப்பாரை, மண் அள்ள ஒரு இரும்புச் சட்டி. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு அவள் வாழ்க்கைப்பட்ட ஊருக்குள் வந்து, வடிந்து போன பிறகு, யாருடைய போனையோ இரவல் வாங்கி என்னிடம் பேசினாள்.

"ஏட்டி, உசுருக்கு ஒண்ணுமில்ல. அரிசி வருது, ரொட்டி வருது, பழைய சேலை வந்து குமிஞ்சு கெடக்கு. ஆனா ஆறு போற போக்குல வீட்டுக்குப் பின்னால மண்ண ஒதுக்கி வச்சிட்டுப் போயிருக்கு. இடுப்பு ஒசரத்துக்கு ஈர மண்ணு. பொறத்தாலச் சொவர நெட்டித் தள்ளிக்கிட்டே இருக்கு. சீக்கிரம் அள்ளிப் போடாட்டா சொவரு நிக்காது. எங்க மம்பட்டி ஆத்தோட போச்சு. ஊர்ல ஒருத்தர்ட்டயும் இல்ல. சோறு திங்கிற தட்ட வச்சு அள்ளிக்கிட்டு இருக்கோம்."

அந்தச் சுவரை எனக்குத் தெரியும். அக்காவும் அத்தானும் வாழைத்தோட்டத்துக் கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டிய வீடு அது. செங்கல்லை மண்ணில் வைத்து அடுக்கி, வெளியே மட்டும் சிமெண்டு பூசியிருந்தார்கள். பார்ப்பதற்குக் கெட்டியாகத் தெரியும். அடுப்படி அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. பாதிக் கூரையின் பாரமும் அதன் தலையில்தான்.

நானோ சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பெட்டி வடிவமைக்கிறவள். பட்டாசுப் பெட்டி, மிட்டாய்ப் பெட்டி, பத்திப் பெட்டி என்று எது வந்தாலும் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுப்பேன். பிறந்தது எம். புதுப்பட்டியில். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வெள்ளம் என்றால் டிவியில் வருகிற ஒன்று. ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் நிறையக் கிடந்தால் குடும்பத்தோடு வண்டி எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போவோம். மழை வந்தால் சரக்கு காயாது, ஆர்டர் தள்ளிப்போகும் என்பதற்கு மேல் தண்ணீரைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது.

அன்றைக்கு அந்தப் பக்கம் பஸ் ஓடவில்லை. ஓடத் தொடங்கியதும் மண்வெட்டியோடு போய் வர இரண்டு நாள் லீவு வேண்டும் என்று முதலாளியிடம் போய் நின்றேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். எங்கள் முதலாளி நல்ல மனுஷர். ஆனால் எந்தச் சின்ன வேலையையும் சின்னதாக விட்டுவைக்க அவருக்கு மனசு வராது. "ஒங்க அக்காவுக்கு மட்டும் குடுத்து என்ன செய்ய? ஊருக்கே குடுப்போம். லாரி போகும்போது நீயும் கூடவே போயிரு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே நிவாரணக் குழு ஒன்று பிறந்தது.

வியாபாரிகள் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வந்திருந்தவர்களில் நீச்சல் தெரிந்தவர் இரண்டு பேர் இருந்தாலே அதிகம். குழுத் தலைவர் ஒரு பட்டாசுக் கம்பெனியின் அதிபர். பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. மைக்கைப் பிடித்து, "அரிசி பருப்பு எவன் வேணாலும் குடுப்பான். நாம உபயோகமான சாமான் குடுக்கணும். வாங்குனவன் நம்மள மறக்கப்படாது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

முதலில் பட்டாசுக் கம்பெனிகள் தங்கள் ஸ்டோர் ரூமைத் திறந்து மனதார அள்ளிக் கொடுத்தன. அந்தக் கம்பெனிகளில் இரும்புச் சாமான் எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. இரும்பு உரசினால் பொறி, வெடிமருந்தில் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே வந்து இறங்கியவை மரச் சுத்தியல், பித்தளைக் கரண்டி, சல்லடை, கீழே விரிக்கிற ரப்பர் விரிப்பு. இடுப்பளவு சேற்றைப் பித்தளைக் கரண்டியால் அள்ளுவதற்குச் சோற்றுத் தட்டே மேல். நான் அதைச் சொன்னதும் நல்லவேளையாக அண்ணாச்சிக்கு உறைத்தது. "சரி, இரும்புச் சாமானே வாங்கிருவோம்" என்றார். ஒரே நாளில் சிவகாசி, விருதுநகர் இரும்புக் கடைகளில் இருந்த மண்வெட்டி, கடப்பாரை, சட்டி, சுத்தியல் அத்தனையும் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தன.

அன்று சாயங்காலமே லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். வேறு எந்த ஊராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் எங்கள் ஊரில் ஒரு பொருள் பெட்டியில் போய் உட்கார்ந்து, மேலே பளபளவென்று லேபிளும் ஒட்டினால்தான் அது பொருள். இல்லாவிட்டால் கழிவு. தீபாவளிக்கு நாலு வகை வெடியை ஒன்றாகப் போட்டுக் கிஃப்ட் பாக்ஸ் விற்றுப் பழகிய கைகள் மண்வெட்டியை மட்டும் சும்மா விடுமா? குடும்பத்துக்கு ஒரு கிஃப்ட் பாக்ஸ் என்று முடிவானது.

மண்வெட்டியும் சுத்தியலும் மட்டும் போட்டால் பெட்டி காலியாகத் தெரிந்தது. கிஃப்ட் பாக்ஸுக்கு ஐட்டம் எண்ணிக்கைதான் கௌரவம். எனவே ஆணிப் பொட்டலம், கயிறு, ஊசிநூல், சீப்பு, மெழுகுவத்தி, ஒரு கட்டுத் தீப்பெட்டி எல்லாம் சேர்ந்தன. கடப்பாரை எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்க மறுத்ததால் தள்ளுபடி ஆயிற்று. இரும்புச் சட்டி ரொம்ப அகலமாம், அதுவும் போச்சு. மண்வெட்டியிலும் தகடுதான் பெட்டிக்குள் போனது. அதன் கணை, அதாவது கைப்பிடிக் கம்பு, வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"கணையத் தனியா கட்டுக் கட்டி அடுத்த லோடுல அனுப்பிருவோம்" என்றார் அண்ணாச்சி.

"கணை இல்லாம எப்படி அண்ணாச்சி வெட்டுவாங்க?"

"ஒரு நாள் முன்னப்பின்ன ஆகும், அம்புட்டுத்தான் தாயி. பெட்டி மூடலைன்னா பாக்க நல்லாவா இருக்கும்?"

அதோடு விட்டாரா? லாரி குலுங்கும்போது தகடும் சுத்தியலும் உரசிக்கொள்ளுமே என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது. கம்பெனியிலிருந்து நாலு பெண்களை வரவழைத்து ஒவ்வொரு மண்வெட்டிக்கும் காகிதம் சுற்றச் சொன்னார். "இதுல மருந்து கெடையாதே அண்ணாச்சி" என்றேன். "பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். அந்தப் பெண்கள் காகிதம் சுற்றிய நேர்த்தியைப் பார்த்தால் மண்வெட்டிக்குத் திரி வைத்துப் பற்ற வைக்கலாம் போலிருந்தது.

மூடியில் என்ன படம் போடுவது என்பது என் தலையில் விழுந்தது. அண்ணாச்சிக்குச் சிரிக்கிற குழந்தைதான் வேண்டும். வெள்ளத்தில் வீடு போனவர்களுக்குக் கொடுக்கிற பெட்டியில் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டேன். "அழுவுற பிள்ளையப் போட்டா எவன் பெட்டிய எடுப்பான்?" என்றார். விற்கிற சரக்கு இல்லை என்பது அவருக்கு ஞாபகம் வரவே இல்லை. சரி, குழந்தை சிரித்தது.

அடுத்து, நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்கள். யார் பெயர் முதலில் வருவது? அதிகம் கொடுத்தவரா, வயதில் மூத்தவரா, முதலில் கொடுத்தவரா? இந்தப் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தபோது அக்கா மறுபடி கூப்பிட்டாள். "சொவருல கீத்து விட்டிருக்கு. என் வெரலு உள்ள போவுது. பிள்ளைகளைப் பக்கத்து வீட்ல படுக்கப் போட்டிருக்கேன். எப்ப வருவீக?" என்றாள். "வந்துகிட்டே இருக்கோம்" என்றேன். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், பெயர்களை வட்டமாக அச்சடித்துவிடலாம், யாரும் முதலும் இல்லை கடைசியும் இல்லை என்று எங்கள் முதலாளி யோசனை சொல்லிப் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தார். தரைச்சக்கரம் மாதிரி பெயர்கள் சுற்றி வர, நடுவில் அண்ணாச்சி படம். அச்சாகி வந்ததும் ஒருவருடைய இனிஷியல் விட்டுப்போயிருந்தது தெரிந்தது. அவர் கோபித்துக்கொண்டு மண்டபத்தை விட்டு வெளியேறினார். அவரைச் சமாதானப்படுத்தி, எல்லா மூடிகளையும் திரும்ப அடித்தார்கள். காலண்டர் சீசன் நெருக்கடியில் மெஷின் கிடைக்க அதற்கொரு காத்திருப்பு வேறு.

இதற்குள் திருநெல்வேலிக்குப் பஸ் ஓடத் தொடங்கிவிட்டது. இனி இவர்களை நம்பிப் பயனில்லை, நானே வாங்கிக்கொண்டு போகிறேன் என்று இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கையை விரித்தார். "மம்பட்டியா? அம்புட்டையும் நிவாரணக் குழு அள்ளிட்டுப் போயிட்டாகளே. விருதுநகர்லயும் கெடைக்காது. அடுத்த வாரம் வாங்க" என்றார்.

மண்டபத்துக்கு ஓடினேன். சுவர் ஓரமாகப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. கணைகள் ஒரு மூலையில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. ஒரே ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொள்கிறேன், அக்கா வீட்டுச் சுவர் விழப் போகிறது என்றேன்.

அண்ணாச்சி உண்மையிலேயே வருத்தப்பட்டார். "குடுக்கக் கூடாதுன்னு இல்ல தாயி. ஒண்ண உருவுனா செட்டு ஒடைஞ்சிரும். அந்தப் பெட்டிய என்ன செய்ய? நாளான்னைக்குக் காலைல கொடியசைக்கோம். ஒரு ரெண்டு நாளு பொறுத்துக்க மாட்டீகளா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கிருந்த பெட்டிகளையெல்லாம் இழுத்துத் தள்ளியிருக்க வேண்டும். அண்ணாச்சி முகத்துக்கு நேராக நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் ஆர்டரில்தான் எங்கள் அச்சகம் ஓடுகிறது. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்து, வாசலில் நின்று அழுதேன்.

கொடியசைக்கிற நாள் வந்தது. பந்தல், பேனர், மாலை, லாரியின் நெற்றியில் வாழைக்கன்று. முக்கியப் பிரமுகர் வரத் தாமதமானதால் அதுவரை ஒவ்வொருவராகப் பேசினார்கள். அண்ணாச்சி பேசிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது.

"விழுந்துட்டு" என்றாள் அக்கா. "விடியக்காலம் விழுந்துட்டு. ஆளுக்கு ஒண்ணுமில்ல. அடுப்படிதான் மொத்தமும் போச்சு. கூரையும் பாதி எறங்கிட்டு." அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மேடையிலிருந்து இறங்கிய அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். "அடடா" என்றார். தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "சரி, கவலப்படாதீக. மொதப் பெட்டி அந்த வீட்டுக்குத்தான்" என்றார்.

லாரிக்குப் பின்னால் வேனில் நானும் போனேன். ஊர் முழுக்கச் சேற்று வாடை. ஜனங்கள் வரிசையில் நின்று பெட்டி வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தவர்கள் முகங்களை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சீப்பு வந்தது, மெழுகுவத்தி வந்தது, காகிதத்துக்குள்ளிருந்து மண்வெட்டித் தகடு வந்தது. ஒரு ஆள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கணை எங்க?" என்று கேட்டார். "அடுத்த லோடுல வருது" என்றார் அண்ணாச்சி, குரல் கொஞ்சம்கூட இறங்காமல். அந்த ஆள் தகட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கம்பு வெட்ட முள்ளுக்காட்டுப் பக்கம் போனார்.

அக்கா வீட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த முதல் பெட்டியை அண்ணாச்சியே தூக்கிக்கொண்டு வந்தார். போட்டோக்காரர் அக்காவை அங்கும் இங்குமாக நகர்த்தி நிற்க வைத்தார். "கொஞ்சம் இங்கன தள்ளி நில்லுங்கம்மா. பின்னாடி அந்த இடிஞ்ச இடம் நல்லாத் தெரியணும். மூடிய இந்தப் பக்கம் திருப்புங்க" என்றார். அக்கா சொன்னபடியெல்லாம் நின்றாள். சேறு காய்ந்த அவள் கையில், நான் மூடியில் போட்ட குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கணை லோடும் போகத்தான் போனது, ஊர்க்காரர்கள் எல்லோரும் கருவேலங்கம்பு செருகி மண் அள்ளி முடித்த பிறகு. குழுவின் பணி இனிதே நிறைவடைந்ததற்கு மண்டபத்தில் ஒரு விருந்தும் நடந்தது. எனக்கும் ஒரு சால்வை போர்த்தினார்கள்.

பொங்கலுக்கு முன்னால் அக்கா கூப்பிட்டாள். இப்போது சொந்தமாகவே ஒரு போன் வாங்கியிருந்தாள். பின்பக்கம் தார்ப்பாய் கட்டி, அதன் ஓரத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். குழுவிலிருந்து நிவாரணம் வாங்கிய எல்லா வீட்டுக்கும் புது வருஷக் காலண்டர் வந்திருக்கிறதாம். பெரிய சைஸ், ஆறு தாள். முதல் தாளில் அண்ணாச்சியும் அவளும்.

"படம் நல்லாத்தான் விழுந்திருக்கு. நாந்தான் கொஞ்சம் கறுத்துத் தெரியுதேன்" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஏட்டி, ஒங்க அண்ணாச்சிகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லேன். இதத் தொங்கவிடுறதுக்குச் சொவரு எந்த லோடுல வருதாம்?"