கை நனைத்த நீதிபதி

தார்சினிக்குப் பிறந்ததிலிருந்தே பொறுமை கிடையாது. சோயாவை ஊறப் போட்டுவிட்டு, ஊறிவிட்டதா என்று ஓயாமல் கிள்ளிப் பார்க்கிறவள். ஜாவாவில் கெடிரிக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊரில் பாதிப்பேர் அவள் பட்டறையில் சோயாப் பாலைத் திரித்துக் கட்டியாக்கும் தாஹுவைத்தான் தின்கிறோம். அந்தப் பட்டறைக்கு வண்டி வர ஒரே ஒரு சந்துதான். அது தன்னுடையது என்று பக்கத்து வீட்டு குஸ்வாடி வழக்குப் போட்டார். சந்து போனால் பட்டறையும் போச்சு.

வழக்கு நடக்கும்போதே குஸ்வாடி மகளுக்குக் கல்யாணம் வந்தது. ஒரு வீட்டில் விசேஷமென்றால் தெருப் பெண்கள் எல்லோரும் கத்தியோடு போய்ச் சமையலில் நிற்க வேண்டும். பகையாளிக்கும் விலக்கில்லை. தார்சினி போனாள், குஸ்வாடியின் மனைவி முர்யாத்தியோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

"முன்வரிசைக்கு இந்தக் கறித்தட்டைக் கொண்டுபோ அக்கா" என்றாள் முர்யாத்தி.

கொண்டுபோய் நீட்டியவள் விருந்தாளியின் முகத்தைப் பார்த்தாள். அவள் வழக்கை விசாரிக்கும் அதே நீதிபதி. மறுதட்டும் கேட்டார். அதையும் இவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். வழக்காடுகிறவர் வீட்டில் நீதிபதி கை நனைக்கலாமா?

மறுநாளே, நீதிபதிகளைக் கண்காணிக்கும் ஆணையத்துக்குப் புகார் போட்டுவிட்டாள். தெருவே பரபரத்தது.

"பாம்புப் புத்துல கைய விட்டுட்டியேடி."

"விட்டாச்சு. பாம்பு இருக்கா இல்லையான்னு பாத்துடுவோம்."

ஜகார்த்தாவிலிருந்து விசாரிக்க வந்த ரோத்துவா, சுமத்ராப் பக்கத்துக்காரி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"எதிராளி வீட்டுக் கல்யாணத்துல நீங்க சமைச்சீங்களா?"

"வழக்கு கோர்ட்டுல நடக்குதும்மா. கல்யாணம் தெருவுல நடந்துச்சு."

"நீதிபதி, மொய் உறையப் பெட்டில போட்டுட்டு உடனே கெளம்பிட்டேன், பச்சத்தண்ணிகூட குடிக்கலங்கறார். நீங்க சொல்றத இன்னொருத்தரும் சொல்லணும்."

யார் சொல்வார்கள்? அன்றைக்குத் தின்ற வாய்களெல்லாம் பூட்டிக்கொண்டன. ரோத்துவா குஸ்வாடி வீட்டுக்கே போனாள். தார்சினியும் பின்னாலேயே போய் வாசலில் நின்றாள்.

"வந்தார், போயிட்டார். சாப்பிடவேயில்ல" என்றார் குஸ்வாடி.

தேநீரோடு வந்த முர்யாத்தி அப்படியே நின்றுவிட்டாள்.

"சாப்பிடலயா? என் வீட்டு விசேஷத்துக்கு வந்த பெரிய மனுஷன் கை நனைக்காம போனார்னா சொல்றீங்க?"

குஸ்வாடி இருமினார்.

"இருமாதீங்க. சம்பந்தி காதுல விழுந்தா நான் மூஞ்சிய எங்க வெச்சுக்குவேன்? எழுதிக்கங்கம்மா. ரெண்டு தட்டு. மறுதட்டுல ஈரலாப் பொறுக்கிப் போட்டவ நான். கொண்டுபோனது வாசல்ல நிக்குற அக்கா."

தார்சினிக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. மரியாதைக்காகத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"சந்து யாருக்குன்னு நாங்க சொல்ல முடியாது. நீதிபதியப் பத்தித்தான் கேப்போம்" என்றாள் ரோத்துவா.

"அதக் கேட்டாலே போதும்மா."

விருந்து சாப்பிட்ட நீதிபதிக்குத் தண்டனை வந்தது, வழக்கு கை மாறியது. புதிய நீதிபதி ஒரு பெண். உச்சி வெயிலில் நேரே வந்து சந்தைப் பார்வையிட்டார். இந்தப் பக்கமிருந்து தார்சினியும் அந்தப் பக்கமிருந்து முர்யாத்தியும் தேநீரோடு ஓடினார்கள். அவர் இரண்டையும் தொடவில்லை. பையிலிருந்து தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்துவிட்டு வண்டியேறினார்.

"ஒரு வாய்கூட குடிக்காம போறாங்களே அக்கா" என்று முர்யாத்திக்கு அழுகையே வந்துவிட்டது.

தார்சினி இரண்டு கோப்பைகளில் ஒன்றை அவள் கையில் கொடுத்தாள்.

"நாம குடிப்போம்டி. என் வழக்கு இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு."